ஒரு மாத நடைச் சவால்: சொல்லித் தந்தது வேகம், கேட்டது எண்ணிக்கை

இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் இப்போது யாரைப் பார்த்தாலும் நடக்கிறார்கள். ஜப்பான் நடை, ஆறு-ஆறு-ஆறு நடை, மௌன நடை, சாப்பாட்டுக்குப் பிந்திய நடை என்று நாளுக்கொரு பெயர். இந்தப் பெயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரு மாதச் சவால் என்று காசுக்கு நடத்துகிற தமிழ்ப் பக்கம் ஒன்றில் நானும் மாமியும் சேர்ந்து முடித்தோம். பக்கத்தின் பெயரைப் போடவில்லை, இதே அச்சில் இன்னும் பல நடக்கின்றன, நான் சொல்லப் போவதில் பாதிக்கு மேல் அவற்றுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் இருந்து சேர யோசிக்கிறவர்களும், முக்கியமாக வெளிநாட்டில் இருந்துகொண்டு அம்மா அப்பாவுக்குக் காசு கட்டிவிட நினைக்கிறவர்களும் இதை ஒருக்கால் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் கையில் என்ன கிடைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2500 ரூபாய் கட்டினால் வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள். விடிய 5 மணிக்கு ஒரு குரல் பதிவும் சின்ன வீடியோவும் வரும். கிழமைக்கு ஒரு நடை முறை. இரவு 10 மணிக்கு முன் அன்றைய அடிக்கணக்கின் ஸ்கிரீன்ஷொட்டைக் குழுவில் போட வேண்டும், நடக்கும்போது எடுத்த படம் ஒன்றும் போட வேண்டும். ஞாயிறு இரவு சூமில் சந்திப்பு, அதில் அந்தக் கிழமை ஆகக் கூட அடி வைத்தவர்களின் பட்டியலை வாசிப்பார்கள். முடிவில் பெயர் போட்ட சான்றிதழ். நடத்துகிற பிள்ளை தெளிவாகக் கதைக்கிறா, பயமுறுத்துவதில்லை, உடம்பைப் பற்றி யாரையும் கூசவைக்கிற மாதிரி ஒரு சொல் வரவில்லை. இணையத்தில் உடல்நலம் பேசுகிறவர்களிடம் இது லேசில் கிடைக்காத குணம், அதற்கு முழுப் புள்ளியும் கொடுக்கிறேன்.

இந்தக் காசு தகும் என்றால் அது ஜப்பான் நடைக் கிழமைக்காகத்தான். முறை மிகச் சுலபம். மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து தரம், மொத்தம் அரை மணித்தியாலம், கிழமைக்கு நாலு நாள். போன வருடம், 2025இல், இது டிக்டொக்கில் பற்றிக்கொண்டு பரவியதால் புதிதாகக் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற ஊரில் உள்ள ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே, ஷிசுவே மசுகி ஆகியோரின் குழு வருடக்கணக்காகச் செய்து பார்த்த வேலை இது. 2007இல் வெளியான ஆய்வில் சராசரி 63 வயதுள்ள 246 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஒன்றும் செய்யாமல் இருந்தது. ஒரு பிரிவு ஒரே சீரான வேகத்தில் நாளுக்கு 8000 அடிக்குக் குறையாமல் நடந்தது. மற்றப் பிரிவு இந்த வேகம்-மெதுவு முறையில் நடந்தது. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது தொடைத் தசையின் பலம் கூடியதும், மூச்சுத் தாங்கும் சக்தி நன்றாக ஏறியதும், மேல் பிரஷர் கூடுதலாக இறங்கியதும் வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி நடந்தவர்களுக்குத்தான். அடி எண்ணி நடந்தவர்களுக்கு அந்தளவு மாற்றம் வரவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

நாங்கள் இதை யாழ்ப்பாண நகரின் பண்ணைக் கடலோர நடைபாதையில் செய்தோம். மாமிக்கு அறுபது தாண்டிவிட்டது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது, கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தா. கையில் மணிக்கூடு கட்டுகிற பழக்கம் இல்லை, போனைப் பார்த்துப் பார்த்து நடப்பதும் சரிவராது. அதனால் ஒருநாள் நான் நேரம் பிடித்து, இந்த லைற் கம்பத்தில் இருந்து அந்த வாங்கு வரைக்கும் வேகம், வாங்கில் இருந்து அடுத்த வளைவு வரைக்கும் மெதுவு என்று இடம் குறித்துக் கொடுத்தேன். பிறகு அவவுக்கு மணிக்கூடே தேவைப்படவில்லை. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வீசி, சப்பாத்துப் போட்ட கால்களை எட்டி வைத்துப் போகிறவவை எட்டிப் பிடிக்க எனக்கே மூச்சு வாங்கியது. எவ்வளவு வேகம் போதும் என்பதற்கு அந்த வீடியோவில் சொன்ன அளவுகோலும் நல்லது: வேகமாகப் போகும்போது இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் கதைக்க முடியாமல் இருக்க வேண்டும். மாமி வேகத்தில் போகும்போது நான் என்ன கேட்டாலும் "ஓம்", "இல்லை", அவ்வளவுதான். மெதுவாகிற இடம் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து கதை தொடரும், அதுவும் முழு வசனத்தில். இதைவிட வடிவாக வேகத்தை அளக்கிற கருவி எனக்குத் தெரியாது.

தொடங்கியபோது கோட்டைப் பக்கம் போய்த் திரும்பும்போது இரண்டு தரம் வாங்கில் இருந்துதான் வருவா. மாதக் கடைசியில் இருக்காமல் வந்தா. "முழங்கால் இப்ப அவ்வளவு பிடிக்கேல்லப் பிள்ளை, படி ஏறேக்க தெரியுது" என்று தானாகவே சொன்னா. இது ஒருவரின் கதை, மருந்தும் ஒழுங்காகப் போடுகிறவ, ஆகவே எல்லாம் நடையால்தான் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் கால் பலப்பட்டது கண்ணால் பார்த்தது.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். இவ்வளவு நல்ல முறையைச் சொல்லிக்கொடுத்த அதே கிழமையிலும் இரவு 10 மணிக்கு அவர்கள் கேட்டது பத்தாயிரம் அடியைத்தான். அரை மணித்தியாலம் மாற்றி மாற்றி நடந்தால் போனில் மூவாயிரத்துச் சொச்சம் அடி விழும், வீட்டு வேலையோடு சேர்த்து ஐயாயிரம் ஆறாயிரம் வரும். ஜப்பானியர் சொன்னபடி அந்த நாளுக்கு அது நிறைவான நடை. குழுவில் அதற்குக் கிடைப்பது "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்" என்ற படம். யார் பாராட்டுப் பெறுகிறார்கள் என்றால், நாள் முழுக்க மெதுவாக, ஒரு தரமாவது மூச்சு வாங்காமல், பதினெட்டாயிரம் அடி சேர்த்தவர்கள். படிப்பித்தது ஒன்று, புள்ளி போட்டது வேறொன்றுக்கு.

பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று குழுவில் ஒரு தரமாவது சொல்லியிருக்கலாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம் யமாசா என்ற ஜப்பானியக் கம்பனி இடுப்பில் மாட்டுகிற அடி எண்ணும் கருவி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அதோடு பரவிய எண் இது. விற்பதற்கு நல்ல முழு எண். ஆய்வுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயின் குழு, சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்து, நாளுக்கு 4400 அடி அளவில் நடப்பவர்களிடமே இறப்பு வீதம் 2700 அடி நடப்பவர்களைவிட நன்றாகக் குறைவு என்றும், 7500க்கு மேல் போனால் அந்தப் பலன் பெரிதாகக் கூடவில்லை என்றும் சொன்னது. 2025இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் சஞ்சிகையில் வந்த தொகுப்பாய்வும் 7000 அடியைத்தான் நல்ல இலக்காகக் காட்டியது, 2000 அடி நடப்பவர்களோடு ஒப்பிட்டால் இறப்பு அபாயம் 47 வீதம் குறைவு. பத்தாயிரம் நடந்தால் கெடுதி என்று யாரும் சொல்லவில்லை, முடிந்தவர்கள் நடக்கட்டும். அறுபது வயது அம்மாவுக்கு அதை இரவு 10 மணிக் கெடுவாக வைப்பதுதான் பிழை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் குழுவில் எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். முழங்கால் தேய்வு உள்ளவர். பகல் முழுக்க வேலை, பின்னேரம் பேரப்பிள்ளையை ரியூஷனுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது, இரவு சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு 9 மணிக்கு விறாந்தையில் மேலும் கீழுமாக நடப்பார், இன்னும் இரண்டாயிரம் குறைகிறது என்று. சீமெந்து நிலம், வெறுங்கால். மூன்றாம் கிழமை முழங்கால் வீங்கிவிட்டது. "பேர் வாசிக்கேக்க என்ர பேர் வரேல்லையெண்டால் ஒரு மாதிரிக் கிடக்கு" என்று சொன்னபோது எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது பத்து நிமிட நல்ல நடையும், பிறகு காலை நீட்டி இருக்க ஒரு கதிரையும்.

கணக்கும் சரியான கணக்கில்லை. சேலையில் பொக்கற் கிடையாது, போனைக் கைப்பையில் வைத்தால் ஒரு கணக்கு, கையில் பிடித்தால் இன்னொரு கணக்கு. குழுவில் பலர் கட்டியிருந்த மலிவான கைப்பட்டி, குண்டும் குழியுமான ஒழுங்கையில் ஸ்கூட்டி ஓடினாலும் அடி சேர்க்கும். தேங்காய் துருவினாலும் சேர்க்கும். இதை வைத்து முதலாம் இடம் இரண்டாம் இடம் பிரிப்பதில் அர்த்தமே இல்லை.

மூன்றாம் கிழமை பன்னிரண்டு-மூன்று-முப்பது. லோரன் ஜிரால்டோ என்ற அமெரிக்கப் பெண் பிரபலப்படுத்தியது: ட்ரெட்மில்லை 12 வீதம் சரித்து, மணிக்கு மூன்று மைல் வேகத்தில், முப்பது நிமிடம். ட்ரெட்மில் உள்ளவர்களுக்குச் சரி. இல்லாதவர்கள் ஏற்றமான தெருவில் ஏறுங்கள் என்றார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றத்துக்கு எங்கே போவது? தட்டையான நிலம், சுண்ணாம்புக் கல் மேல் இருக்கிற ஊர், மேடு என்று சொல்ல வாய்க்கால் பாலம்தான் உண்டு. மாடிப்படி ஏறுங்கள் என்று அடுத்த யோசனை வந்தது, அநேகமான வீடுகள் இன்னும் ஒற்றைத் தட்டு. நாங்கள் அந்தக் கிழமையும் ஜப்பான் நடையையே தொடர்ந்தோம். பல ஊர்களில் இருந்து ஆள் சேர்க்கிறவர்கள் தட்டை நிலத்துக்கும் ஒரு பாடம் வைத்திருக்க வேண்டும். எதிர்க்காற்றில் நடப்பதே போதும், சோளகம் வீசுகிற மாதங்களில் பண்ணைப் பாலத்தில் ஒருபக்கம் போய்ப் பாருங்கள், 12 வீதச் சரிவு தோற்றுவிடும்.

நாலாம் கிழமையில் வந்த வெறுங்கால் நடையைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். மண்ணில் கால் பட நடந்தால் உடம்புக்குச் சக்தி வரும் என்று சொல்லி எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நல்லூரில் திருவிழாவுக்கு வீதியெல்லாம் மண் பரப்பி, வாகனத்தை மறித்து வைத்திருக்கும்போது வெறுங்காலில் நடக்கிற சுகம் எனக்கும் தெரியும், அது வேறு. சீனி வருத்தம் வருடக்கணக்கில் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், முள் ஏறினாலும் தெரியாது. எங்கள் ஒழுங்கைகளில் கிடப்பது நெருஞ்சி, கருக்குமட்டைச் சிராய், உடைந்த போத்தல் ஓடு. ஒரு சின்னக் காயம் ஆறாமல் புண்ணாகி, விரல் எடுக்கிற நிலைக்கு வந்தவர்கள் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் குறைவு. அந்த வீடியோவில் சீனி வருத்தக்காரர் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி கூட இல்லை. நான் குழுவில் எழுதினேன், இதயக்குறி ஒன்று விழுந்தது, வீடியோ மாறவில்லை. சேர்கிறவர்கள் தயவுசெய்து இந்தக் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நடந்துவிட்டு வந்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், விரலிடுக்கையும் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் நடக்கப் போகும்போது ஒரு டொபி கையில் வைத்திருங்கள்.

மௌன நடை, அதாவது போனும் பாட்டும் இல்லாமல் நடப்பது, நல்லது. ஆனால் அதற்கும் படம் எடுத்துப் போடச் சொன்னார்கள், போன் இல்லாமல் எப்படிப் படம் எடுப்பது என்று குழுவில் பலர் கேட்டார்கள், பதில் வரவில்லை. படம் போடுகிற கட்டாயமே எனக்குப் பிடிக்கவில்லை. மாமி மாதிரி ஆட்களுக்கு வேர்த்து விறுவிறுத்த முகத்தை இருநூறு பேர் பார்க்கக் கூச்சம், எங்கள் தெருவில் சில பெண்கள் சேராமல் விட்டதற்கு அதுவே காரணம்.

சாப்பாட்டுக்குப் பின் நடப்பதற்கு ஒரு கிழமை முழுதாகக் கொடுத்திருக்கலாம், ஒரே ஒரு நாள்தான் கொடுத்தார்கள். எங்கள் சாப்பாட்டு முறைக்கு ஆகப் பொருத்தமானது இதுதான். மத்தியானம் சோறு, இரவு புட்டு அல்லது இடியப்பம், சாப்பிட்ட கையோடு ரிவிக்கு முன்னால் இருக்கிற பழக்கம். தொடர்ந்து இருந்துகொண்டே இருக்காமல் இடையிடையே எழும்பி இரண்டு முதல் ஐந்து நிமிடம் லேசாக நடந்தாலே சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சீனி ஏறுவது குறைகிறது என்று 2022இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அதற்குச் சப்பாத்தும் வேண்டாம், பண்ணையும் வேண்டாம். மாமி இரவுப் புட்டுக்குப் பிறகு முற்றத்தில் படலையில் இருந்து கிணற்றடி வரைக்கும் செருப்போடு போய்ப் போய் வருவா, இப்போது பக்கத்து வீட்டு மாமியும் வேலிக்கு அந்தப் பக்கம் அதே நேரம் நடக்கிறா, இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு.

உணவு ஆலோசனை பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஓட்ஸ், சியா விதை. ஒடியல் மாவும் குரக்கனும் முருங்கை இலையும் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது தேவைப்படாது.

எங்கே நடப்பது என்று கேட்கிறவர்களுக்கு. பண்ணை தான் முதலிடம். விடிய வெளிச்சம் வரும் நேரம் கடல் நீரேரி கண்ணாடித் தகடாகக் கிடக்கும், தடி நட்டுக் கட்டின வலைகளுக்குள் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள், காற்று உப்பாக முகத்தில் அடிக்கும், ஒரு பக்கம் கோட்டை மதில். பின்னேரமும் சனம் இருக்கும், ஆனால் இருந்து கச்சான் சாப்பிட வந்த சனம் கூட, வேகமாக நடக்க இடம் கிடையாது. ஆரியகுளத்தைச் சுற்றிப் போட்ட பாதை துப்புரவு, வெளிச்சம் உண்டு, சுற்று மிகச் சின்னது, வாகனப் புகையும் வரும். பழைய பூங்காவில் பெரிய மரங்களின் நிழல் இருப்பதால் வெயில் ஏறிய பிறகும் நடக்கலாம். ஊர் ஒழுங்கைகளில் பிரச்சினை கட்டாக்காலி நாய்கள், அதுவும் விடிய இருட்டோடு போனால் கூட்டமாக வரும். ஆறு-ஆறு-ஆறு நடைக்கு, அதாவது காலை அல்லது பின்னேரம் 6 மணிக்கு, முன்னும் பின்னும் ஆறு நிமிட மெது நடையோடு அறுபது நிமிடம் நடப்பதற்கு, காலை 6 மணி என்று சொல்கிறார்கள், மார்கழி தையில் இங்கே அந்த நேரம் இருட்டு விலகாது, அரை மணித்தியாலம் தள்ளிப் போங்கள். பங்குனி சித்திரையில் 7 மணிக்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், வெயில் அப்படி. பெண்கள் தனியாகப் போவதற்கு மோட்டார் சைக்கிளில் வந்து கதை சொல்லிவிட்டுப் போகிற பெடியள் ஒரு தொல்லை, மூன்று பேராகப் போனால் யாரும் கிட்ட வருவதில்லை. இந்தச் சவாலின் ஆகப் பெரிய நன்மை இதுதான், குழுவில் சேர்ந்த பிறகுதான் எங்கள் தெருவில் நடக்க விரும்புகிற பெண்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரிந்தது.

சேவை சுமார். ஒருமுறை காசு இரண்டு தரம் வெட்டுப்பட்டது, திருப்பித் தந்தார்கள், ஆனால் அதற்குப் பத்துக் குறுஞ்செய்தி போட வேண்டி வந்தது.

ஆக, யார் சேரலாம்? தனியாகத் தொடங்கத் தயங்குகிற, முழங்காலில் பிரச்சினை இல்லாத, நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் சேரலாம், இரவுக் கணக்கைக் கண்டுகொள்ளாமல் விடுகிற மனம் இருந்தால். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அந்தப் பட்டியலில் அடிக்குப் பதிலாகக் கிழமையில் எத்தனை நாள் வேகமாக நடந்தீர்கள் என்று கேட்டு, வெறுங்கால் வீடியோவைத் திருத்தி, படத்தை விருப்பத்துக்கு விட்டால் நாலரை கொடுப்பேன், எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் எல்லோருக்கும் நானே சொல்லுவேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு: அம்மா அப்பாவுக்குக் கைப்பட்டியும் சவாலும் வாங்கி அனுப்புவதற்கு முன், அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து காலுக்கு அளவான, முன்பக்கம் அகலமான சப்பாத்து ஒன்று ரவுணில் போட்டுப் பார்த்து வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து வாங்கி அனுப்பினால் அளவு சரிவராது, பாதம் வீங்கியிருக்கிற பின்னேரத்தில் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த தொகுதிக்கும் சேரச் சொல்லிச் செய்தி வந்தது, நாங்கள் சேரவில்லை. எங்கள் தெருப் பெண்கள் கிழமையில் நாலு நாள் காலை பண்ணைக்குப் போகிறோம், மூன்று நிமிட வேகம், மூன்று நிமிட மெதுவு. தனியாக வர யோசிக்கிற அக்காமார், அன்ரிமார் யாராவது இருந்தால் முனியப்பர் கோயிலடிக்கு 6 மணி போல வாருங்கள், சேர்ந்து நடப்போம். காசு இல்லை, படமும் இல்லை.